கோத்தகிரி இறக்கத்தில் ஹைபிரிட் காரை ஓட்டும் முறை

ஹைபிரிட் வாங்கிய புதிதில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினேன். பாதி வழியில் எஞ்சின் உறுமத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரில் என் கால் இல்லவே இல்லை. ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து முறைத்துக்கொண்டு நின்றேன். இருபது வருடம் டீசல் ஜீப் ஓட்டியவனுக்கு வேறென்ன தோன்றும்? கோளாறு எதுவும் இல்லை. பேட்டரி நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்.

என்னுடையது டொயோட்டா ஹைரைடர்: 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், இரண்டு மின் மோட்டார்கள். மூன்றையும் இணைப்பது ஒரு பல்சக்கரக் கூட்டு. 1997இல் ஜப்பானில் வந்த முதல் பிரியஸ் ஹைபிரிட் காரிலிருந்து டொயோட்டா கைவிடாத வித்தை இது. நடுச்சக்கரத்தில் ஒரு மோட்டார்; அதைச் சுற்றிவரும் குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் எஞ்சின்; வெளி வளையம், இன்னொரு மோட்டாரோடு சேர்ந்து டயர்களுக்குப் போகிறது. நடு மோட்டார் தன் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே கியர் மாற்றும் வேலையை முடித்துவிடும். கிளட்ச் கிடையாது.

மலை ஏறும்போது எஞ்சினும் மோட்டாரும் தாங்களே பங்கு பிரித்துக்கொள்ளும். நீங்கள் வளைவைப் பாருங்கள், போதும்.

இறக்கம்தான் விஷயம். அப்போது மோட்டார், சைக்கிள் டைனமோ போல, மின்சாரம் தயாரிக்கிறது. அந்த இழுவையே பிரேக். ஆனால் கணக்கைப் பாருங்கள். நான்கு பேரோடு ஒன்றரை டன் வண்டி, ஏறக்குறைய 1,450 மீட்டர் இறக்கம்: சுமார் 6 யூனிட் ஆற்றல். உராய்வுக்கும் காற்றுக்கும் ஒரு பங்கு போனாலும், பேட்டரி கொள்வது முக்கால் யூனிட்தான். மீதி எங்கே போகும்? நிரம்பியதும், நடு மோட்டார் பெட்ரோல் இல்லாமலே எஞ்சினைச் சுழற்றி மிச்ச மின்சாரத்தைச் செலவழிக்கிறது. நான் கேட்ட உறுமல் அதுதான்.

ஆகவே, ஊர் எல்லை தாண்டியதுமே லீவரை ‘B’யில் (எஞ்சின் பிரேக் நிலை; பார்க்கிங்குக்கான ‘P’ அல்ல) போடுங்கள். ‘இரண்டாவது கியரில் இறங்கவும்’ என்ற பலகைக்கு நம் வண்டியின் பதில் இதுதான். எஞ்சின் இழுவை தொடக்கத்திலேயே பிடிக்கும், பிரேக் சூடாகாது. வளைவுக்கு முன்னால் மட்டும் மிதியுங்கள். என் மச்சான் போலப் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டாதீர்கள்: எஞ்சின் பிடிப்பும் போகும், சார்ஜும் ஏறாது.

சமவெளி வந்ததும் மறக்காமல் வழக்கமாக ஓட்டும் ‘D’க்கு மாற்றுங்கள். நிரம்பிய பேட்டரியோடு, மேட்டுப்பாளையம் லாரி நெரிசலில் எஞ்சினை எழுப்பாமலே சிறிது தூரம் ஊர்ந்துவிடலாம்.