அச்சு நின்றுபோன ரோல்பிளேயிங் விளையாட்டுகளைத் தேடி வாங்குவது எப்படி?

விதிநூலும் பகடையும் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையைச் சுற்றி ஆடும் விளையாட்டுகள் இவை. முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். விளையாடத்தான் வேண்டுமா, சேகரித்து வைக்க வேண்டுமா? விளையாட மட்டும் என்றால் பழைய பிரதியே தேவைப்படாமல் போகலாம்.

படி 1: எந்தப் பதிப்பு என்று உறுதி செய்யுங்கள்

எல்லோரும் இடறும் இடம் இதுதான். இவ்வகையில் மிகவும் பெயர்பெற்ற ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் தொடக்கப் பெட்டியான ‘பேசிக் செட்’ 1977, 1981, 1983 என மூன்று முறை திருத்தி எழுதப்பட்டு வெவ்வேறு பெட்டிகளாக வந்தது. 1981 பெட்டியில் 64 பக்க விதிநூல், பி2 என்ற எண் போட்ட சாகசப் புத்தகம், பகடைகள், பகடை எண்களுக்கு நிறமேற்ற ஒரு கிரேயான் எல்லாம் இருக்கும். 1983 பெட்டியில் ஆட்டக்காரருக்கு ஒன்று, ஆட்டத்தை நடத்துபவருக்கு ஒன்று என இரண்டு விதிநூல்கள். 1977 பெட்டிகள் சிலவற்றில் பகடைக்குப் பதில் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளே இருந்தன. அப்போது பகடைக்குத் தட்டுப்பாடு. ஆகவே அப்படியொரு பெட்டியில் பகடை இல்லையென்றால் அது குறையல்ல.

அட்டைப்படத்தை மட்டும் நம்பாதீர்கள். அதே விளையாட்டுக்கான தெய்வங்களின் தொகுப்பாக 1980இல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ நூல் முதலில் 144 பக்கம். பிற எழுத்தாளர்களின் கதைகளிலிருந்து எடுத்த க்துலு, மெல்னிபோனே பகுதிகளை நீக்கியபின் அதே அட்டையோடு 128 பக்கமாக வந்தது. விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. பொருளடக்கத்தையும் கடைசிப் பக்க எண்ணையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இவற்றை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தின் பழைய வெளியீடுகளை அச்சு வாரியாகப் பிரித்தறிய அகேயம் தளம் உதவும், மற்றவற்றுக்கு ஆர்பிஜிகீக் தளம்.

படி 2: முறையான பிடிஎஃப் உண்டா என்று பாருங்கள்

டிரைவ்த்ருஆர்பிஜி தளத்தில் டிஎஸ்ஆர் காலத்து நூல்கள் ஏராளம். சிலவற்றை ஆர்டர் செய்தால் அச்சிட்டும் அனுப்புவார்கள். அதில் மடிப்பு வரைபடங்கள் பக்கம் பக்கமாகத் துண்டாகிவிடும். அவற்றைப் பிடிஎஃப்பிலிருந்து பெரிய தாளில் தனியே அச்செடுத்துக்கொள்வது நல்லது.

திரைப்படம், காமிக்ஸ், நாவல் உரிமம் பெற்று வந்த விளையாட்டு என்றால் நிலைமை வேறு. உரிமம் முடிந்ததும் பிடிஎஃப் விற்கவும் வழியில்லை. டோல்கீனின் நாவல்களை வைத்து 1984இல் வந்த ‘மிடில்-எர்த் ரோல் பிளேயிங்’ அப்படிப்பட்டது. அரிதாக மறுபதிப்பு வரும்: 1987இன் ‘ஸ்டார் வார்ஸ்’ விளையாட்டை 2018இல் ஃபேன்டசி ஃப்ளைட் என்ற நிறுவனம் மீண்டும் அச்சிட்டது. விளையாட அதுவே போதும்.

படி 3: பழைய பிரதி

ஈபேயில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ‘விற்றவை’ என்று வடிகட்டி, உண்மையில் கைமாறிய விலையைப் பாருங்கள். பெயரைப் பிழையாக எழுதியும் தேடுங்கள், பலர் கண்ணில் படாத பிரதிகள் அப்படித்தான் சிக்கும். அமெரிக்காவின் நோபிள் நைட் கேம்ஸ் போன்ற கடைகளில் விலை சற்றுக் கூடுதல், ஆனால் பிரதியின் நிலையைத் தரம் பிரித்துச் சொல்வார்கள்.

படி 4: பணம் கட்டும் முன்

பெட்டியில் உள்ள அத்தனையையும் பரப்பி வைத்து ஒரே படமாகக் கேளுங்கள். ‘முழுமையானது’ என்ற சொல் போதாது. ஸ்டேப்பிள் துருப்பிடித்திருக்கிறதா, பூஞ்சை வாடை அடிக்கிறதா, அட்டை வில்லைகள் எத்தனை மீதி என்று தனித்தனியாகக் கேளுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கான 1985இன் ‘அன்எர்த்ட் ஆர்க்கானா’ விதிநூல் தாள் கழன்று வருவதற்குப் பேர்போனது. தாள்களைச் சேர்த்து ஒட்டியிருக்கும் முதுகு ஓரத்தின் படம் கட்டாயம் வேண்டும். பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், அந்த உறையை யாரும் புதிதாகப் போட்டுவிடலாம்.

பழைய பெட்டியின் மூலைகள் எளிதில் நசுங்கும். இன்னொரு கெட்டியான பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். வந்து சேர்ந்த அன்றே பக்கங்களை எண்ணிவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்தபின் குறை சொல்லிப் பயனில்லை.