பேரேட்டிலிருந்து ஒரு போர் நாவல்

இரண்டாம் உலகப் போரில் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு குண்டும் விழவில்லை. அதனாலேயே செட்டிநாட்டுப் போர் நாவல் எழுத உட்காருகிறவர்கள் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த பர்மாவின் ரங்கூனுக்கு நேரே போய் விமானம், புகை, பிணம் என்று தொடங்கிவிடுகிறார்கள். வேண்டாம். அங்கே நடந்ததை ஊரில் வளவுக்குள், அதாவது முற்றம் சூழ்ந்த வீட்டுக்குள், இருந்தவர்கள் எத்தனை நாள் கழித்து, எவ்வளவு அரைகுறையாகத் தெரிந்துகொண்டார்கள் என்பதைப் பிடியுங்கள். அதுதான் இந்த மண்ணின் போர்.

முதலில் ஒரு தாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அங்கே நடந்தவை: 1941 டிசம்பர் 23 ரங்கூனில் முதல் குண்டுவீச்சு, 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் வீழ்ச்சி, மார்ச் 8 ரங்கூன் ஜப்பானியர் கையில். வலப்பக்கம் ஊரில் நடந்தவை. பழைய கணக்கிலும் கடுதாசியிலும் தமிழ் மாதம்தான் இருக்கும். பலரும் வழுக்குவது இங்கேதான். 1941 சித்திரையில் பிறந்தது விஷு வருடம். அதன் மாசி, பங்குனி 1942-இல் வரும். ‘விஷு மாசி’யை 1941 என்று எடுத்தால் கதை ஒரு வருடம் முன்னால் போய்விடும். சிங்கப்பூரும் ரங்கூனும் விழுந்தது அந்த ஒரே மாசியில்.

அடுத்தது பேரேடு, கடையின் கணக்குப் புத்தகம். அதில் தமிழ் எண்ணில் ௨௱௫௰ என்றால் 250: இரண்டு நூறு, ஐந்து பத்து. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. தாள் உளுத்திருந்தால் புரட்டாமல் முற்றத்து வெளிச்சத்தில் படம் எடுங்கள். தொகையைவிடக் கையெழுத்தைக் கவனியுங்கள். தவறாமல் எழுதி வந்த கை எந்தப் பக்கத்தில் நிற்கிறது, அதற்குப் பிறகு வேறு கையா, வெறும் தாளா? வெறும் தாள் என்றால் ஓர் அத்தியாயம் கிடைத்துவிட்டது.

முதலாளியை மட்டும் எழுதாதீர்கள். கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையன், சமையல்காரர் எல்லோரும் இருந்தார்கள். கப்பலில் இடம் கிடைத்தது யாருக்கு, பர்மா எல்லையிலுள்ள தமூ வழியாக மணிப்பூருக்கு நடந்தது யார், வழியில் காலராவில் யார் நின்றுபோனார் என்று ஆளுக்கு ஆள் பிரித்துக்கொள்ளுங்கள். நடந்து வந்தவரை மலையை வர்ணிக்க வைக்காதீர்கள்; தண்ணீர் கிடைத்த இடத்தைச் சொல்ல வையுங்கள். இன்னொன்றையும் விடக்கூடாது. 1930களின் பொருளாதார மந்தத்துக்குப் பின் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் செட்டியார் கைக்கு வந்திருந்தது. நிலம் போன பர்மிய உழவன் வராத நாவல் பாதி நாவல்தான்.

பக்கத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டியது பர்மாவுக்குப் போன கணவருக்காகக் காத்திருக்கும் ஆச்சிக்கு; செட்டிநாட்டில் மணமான பெண்ணை அப்படித்தான் சொல்வார்கள். செய்தி நின்று எட்டு மாதம். வளவில் கல்யாணம். அவர் எல்லோரும் கூடும் பட்டாலைக்கு வரலாமா, உள்ளே இரண்டாங்கட்டிலேயே நிற்கவேண்டுமா? யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பூத்தட்டு அவரிடம் வரும்போது நீட்டுகிற கை ஒரு நொடி தயங்குகிறது. அந்த நொடியில் நில்லுங்கள். பிறகு மகன் அம்மாவிடம் அப்பாவைப் பற்றிக் கேட்கட்டும்:

“ஆத்தா, அப்பச்சி கடுதாசி வந்துச்சா?”

“தபால்காரர் இன்னும் நம்ம தெருவுக்கு வரலப்பா.”

இதற்கு மேல் அவரைப் பேச வைத்தால் காட்சி கெட்டுவிடும்.

1945-இல் முடித்துவிடாதீர்கள். ஜப்பான் அச்சடித்த நோட்டு செல்லாக்காசானது, 1948-இல் பர்மா நில நாட்டுடைமைச் சட்டம், அப்புறம் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக விலைக்குப் போனது என்று நடந்து, முகப்பின் பர்மாத் தேக்குத் தூணைப் பெயர்க்கும் நாள்வரை வாருங்கள். தூண் வண்டி ஏறிய பிறகு அடிக்கல்லில் மிஞ்சும் வட்டத் தடத்தை அந்த வீட்டுப் பிள்ளை காலால் தடவட்டும். அங்கே நிறுத்துங்கள்.