பூச்சி மாத்திரை லுக்கீமியாவைக் குணமாக்கும் என்று செய்தி வந்தால், சரிபார்ப்பது எப்படி?

அக்காவுக்கு ஏஎல்எல் என்ற வகை லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், என்று உறுதியான பதினோராம் நாள், அத்தான் தன் போனை நீட்டினார். ஐவர்மெக்டின் என்ற பூச்சி மாத்திரை லுக்கீமியா செல்களைக் கொல்கிறது, ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள், டாக்டர்கள்தான் மறைக்கிறார்கள் என்று ஒரு செய்தி. "நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தானேம்மா, பார்த்துச் சொல்லு" என்றார். அவர் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்த பிறகு, சும்மா "பொய்" என்று தள்ளிவிட மனம் வரவில்லை. இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். அப்போது நான் கேட்டுக்கொண்ட கேள்விகளை, கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் மூல ஆய்வைத் தேடுங்கள். இப்படிப்பட்ட செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் உண்மையான ஆய்வு இருக்கும். இதற்கும் இருந்தது. 2010-இல் கனடாவின் டொராண்டோ ஆய்வாளர்கள் 'பிளட்' என்ற மருத்துவ இதழில் எழுதியது. புழுவின் நரம்பு, தசை செல்களில் குளோரைடு அயனிகள் நுழையும் வழியைத் திறந்துவிட்டு, அதை முடக்கிப்போடுவது ஐவர்மெக்டினின் வேலை. லுக்கீமியா செல்களிலும் குளோரைடைச் சார்ந்த ஒரு மாற்றம் நடந்து, செல் சவ்வின் மின்னழுத்தம் குலைந்து, அவை சாகின்றன என்று கண்டார்கள். சைட்டராபின், டவுனோரூபிசின் என்ற கீமோ மருந்துகளோடு சேர்த்தால் விளைவு கூடியது. நல்ல ஆய்வுதான். குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அடுத்து, எந்த லுக்கீமியா என்று பாருங்கள். ஏஎம்எல், ஏஎல்எல், சிஎம்எல், சிஎல்எல் என்று நான்கு பெரிய வகைகள் உண்டு. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாமலே போகலாம். அந்த ஆய்வு முக்கியமாக ஏஎம்எல் பற்றியது. அக்காவுக்கு இருந்தது ஏஎல்எல். அத்தானுக்கு வந்த செய்தியில் இந்த வித்தியாசம் ஒரு வரிகூட இல்லை.

பிறகு, எதில் சோதித்தார்கள்? கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிலா, எலியிலா, மனிதரிலா? இங்கே செல்களும் எலிகளும். எலிகளில் கட்டி வளர்வது தாமதமானது. தாமதமாவது வேறு, குணமாவது வேறு.

இனி வருவதுதான் முக்கியமான கேள்வி. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டே பாருங்கள். தட்டில் செல்களைக் கொல்லத் தேவைப்பட்ட செறிவு எவ்வளவு, மாத்திரை விழுங்கிய மனிதரின் ரத்தத்தில் கிடைக்கும் செறிவு எவ்வளவு? ஆய்வில் செல்கள் சாகத் தேவைப்பட்டது சுமார் 5 மைக்ரோமோலார் (செறிவை அளக்கும் அலகு). ஐவர்மெக்டினின் மூலக்கூறு நிறை ஏறத்தாழ 875. இரண்டையும் பெருக்கினால் ஒரு லிட்டருக்கு 4375 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு 4375 நானோகிராம். புழுத் தொற்றுக்குக் கொடுக்கும் வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். அதை விழுங்கியவரின் ரத்தத்தில் உச்சமாகக் கிடைப்பது ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் அளவில்தான். கிட்டத்தட்ட தொண்ணூறில் ஒரு பங்கு! ஆரோக்கியமானவர்களுக்குப் பத்து மடங்கு கொடுத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. அதிலும் சுமார் 250 நானோகிராம்தான் எட்டியது. போதாததற்கு, ரத்தத்தில் இருக்கும் மருந்தில் 93 சதவீதம் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது; செல்களைத் தாக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். இந்தக் கணக்கை அத்தானுக்கு எதிரிலேயே போட்டுக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிக்லோசமைடு, மெபெண்டசோல் என்ற வேறு பூச்சி மாத்திரைகளின் பெயரிலும் செய்திகள் சுற்றுகின்றன. ஏஎம்எல் செல்களில் இரண்டுக்கும் ஆய்வுகள் உண்டு. ஆனால் இரண்டும் குடலிலிருந்து ரத்தத்துக்குள் சரியாக ஏறாதவை. அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சரி, மனிதர்களில் சோதனையே நடக்கவில்லையா? வேறு ஒட்டுண்ணி மருந்துகளில் நடந்திருக்கிறது. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கான மெலார்சோப்ரால் 1990-களில் முற்றிய லுக்கீமியா நோயாளிகள் சிலருக்குக் கொடுக்கப்பட்டது. பலன் சொற்பம், நரம்பு பாதிப்பு அதிகம். மலேரியா மருந்தான குயினைனைக் கீமோவோடு சேர்த்து பிரான்சில் பெரிய அளவில் சோதித்தார்கள். மொத்தத்தில் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை. அமீபா மருந்தான கிளியோகுயினால் முதற்கட்டச் சோதனையில் ஒருவருக்கும் பலன் தரவில்லை. அதை நடத்தி, பலனில்லை என்று 2012-இல் அச்சிட்டவர்கள் அதே டொராண்டோ குழுவினர். மறைக்கிறார்கள் என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

பழைய மருந்து புதிய நோய்க்கு உதவியதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆர்செனிக் டிரை ஆக்சைடு பழங்கால நஞ்சு. ஏஎம்எல்லின் ஒரு துணை வகையான ஏபிஎல்லில், நோய் திரும்பி வந்த 12 பேருக்கு அமெரிக்காவில் கொடுத்தபோது 11 பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. அது 1998-இல் வெளிவந்த ஆய்வு. 2000-இல் மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. உண்மையான பலன் என்றால் மனிதரில், எண்ணிக்கையோடு, இப்படித் தெரியும். அதையும் மருத்துவமனையில், ஈசிஜி பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள்.

கடைசியாக, தயவுசெய்து ரகசியமாகக் கொடுத்துவிடாதீர்கள். மெபெண்டசோல், அல்பெண்டசோல் இரண்டுமே அதிக அளவிலோ நீண்ட நாளோ சாப்பிட்டால் வெள்ளையணுக்களைக் குறைக்கலாம், கல்லீரலையும் தொடலாம். ஏஎல்எல் சிகிச்சையில் மெர்காப்டோபூரின் என்ற கீமோ மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் ரத்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான். எண்ணிக்கை சரிந்தால் டாக்டர் கீமோவைக் குறைப்பார், தள்ளிப்போடுவார். காரணம் வீட்டு அலமாரியில் இருக்கும் பூச்சி மாத்திரை என்று அவருக்கு எப்படித் தெரியும்? பூஞ்சைத் தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் சில மருந்துகள், ஐவர்மெக்டினை உடைக்கும் அதே கல்லீரல் நொதியைத் தடுப்பவை. அப்போது ரத்தத்தில் ஐவர்மெக்டின் எதிர்பாராமல் கூடலாம்.

அதனால் செய்தியை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். "இந்த வகை லுக்கீமியாவுக்கு, மனிதரில், இந்த மருந்துக்கு ஆதாரம் இருக்கிறதா? நாங்கள் சேரக்கூடிய மருத்துவச் சோதனை ஏதாவது நடக்கிறதா?" இந்த இரண்டு கேள்வி போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அத்தான் கேட்டார். அக்காவின் டாக்டர் கோபிக்கவில்லை. சிகிச்சையின் பகுதியான ஸ்டீராய்டைத் தொடங்கும் முன் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடற்புழு இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்திருப்பதாகச் சொன்னார். அது வருஷக்கணக்கில் அறிகுறியே இல்லாமல் உடலில் கிடக்குமாம். ஸ்டீராய்டு உள்ளே போனதும் உடலெங்கும் பரவி உயிரையே எடுத்துவிடக்கூடுமாம். இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது, புழு இருந்தது. நர்ஸ் கொண்டுவந்து கொடுத்த மாத்திரை ஐவர்மெக்டின். எடைக்குக் கணக்கிட்ட அளவு, இரண்டே நாள். அப்புறம் ஸ்டீராய்டைத் தொடங்கினார்கள்.