பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்கு: முதல் பைக் பயணத்துக்கான செய்முறை

முதல் தடவை மனைவியைப் பின்னால் உட்கார வைத்துச் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் கேமரன் மலைக்குப் போனபோது, பைக்கில் திரும்பி வந்தது நான் மட்டும்தான். பயப்படாதீர்கள், அவர் மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஊரில் சிங்கப்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். "நீங்க ஓட்டிட்டு வாங்க, நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றார், அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. அதுதான் உறுத்தியது.

விடியற்காலை உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்டி, ஒரே நாளில் ஓட்டி முடித்துவிட வேண்டும் என்று நான் போட்ட திட்டம் அது. மலை அடிவாரத்துக்குப் போனபோது இருட்டிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. இன்ஜின் ஆயில் மாற்றியிருந்தேன், செயினுக்கு எண்ணெய் விட்டிருந்தேன், வரைபடத்தை மனப்பாடம் செய்திருந்தேன். பின்னால் இருப்பவரால் எத்தனை மணி நேரம் உட்கார முடியும் என்பதை மட்டும் கேட்கவில்லை.

அடுத்த தடவை திட்டத்தைப் பின்சீட்டிலிருந்து தொடங்கினேன். அப்படிப் போட்ட திட்டம்தான் கீழே இருப்பது. உங்களுக்கு உரிமம் இருக்கிறது, தனியாக ஓட்டிப் பழக்கம் இருக்கிறது, இருவராக மலைக்குப் போனதில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: தூரத்தை இரண்டாக உடையுங்கள்

உட்லண்ட்ஸிலிருந்து தானா ராத்தா சுமார் 550 கி.மீ. ஜோகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் 330 கி.மீ. போல வரும். அங்கிருந்து தாப்பா ஏறக்குறைய 150. தாப்பாவிலிருந்து மேலே 60 கி.மீ. மலைப்பாதை. தனியாக ஓட்டினால் ஒரு நாளில் முடிந்துவிடும். இருவராகப் போகும்போது ஒரு நாளில் முடிக்காதீர்கள்.

முதல் நாள் சிரம்பான் அல்லது கோலாலம்பூர் வரை போய்த் தங்குங்கள். மறுநாள் காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்பினால் நண்பகலுக்குள் மலை ஏறிவிடலாம். கேமரனில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். இரண்டு நாளாகப் பிரிப்பதில் கிடைக்கும் பெரிய லாபமே இதுதான்: மலைப்பாதை காய்ந்திருக்கும், உங்கள் கையும் களைத்திருக்காது.

கோலாலம்பூரில் தங்கினால் பத்துமலைக்குப் போகலாமே என்று தோன்றும். திரும்பும்போது போங்கள். 272 படி ஏறி இறங்கிய கால்களோடு மலை வளைவுகளில் பின்சீட்டில் உட்காருவது பெரிய தண்டனை. வளைவில் பிடிமானம் தொடையில்தான் இருக்கிறது.

படி 2: நாளைத் தேர்ந்தெடுங்கள்

வாரயிறுதியும் இரு நாட்டுப் பள்ளி விடுமுறைகளும் வேண்டாம். அந்த நாள்களில் மலைமேல் பிரிஞ்சாங் ஊர்ப் பக்கம் கார்கள் நகராமல் நிற்கும், இரண்டு பேர் எடையோடு கிளட்சைப் பிடித்துப் பிடித்து இடது கை மரத்துப்போகும். அக்டோபரிலும் நவம்பரிலும் மழை அதிகம். என்னைக் கேட்டால் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்புவேன்.

வாரநாள் காலையில் ஜோகூர் பாருவுக்குப் போகும் கடற்பாலத்தில் பைக் கூட்டம் நம் நாட்டுக்கு உள்ளே வருகிற திசையில்தான் இருக்கும். நாம் எதிர்த்திசையில் போவதால் காலை நல்லது. திரும்பும்போது ஞாயிறு மாலையையும் வேலைநாள் விடியற்காலையையும் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: காகிதங்கள்

இது சுருக்கம்தான். கடப்பிதழ் இருவருக்கும் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவர் அதைப் போய்ச்சேருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். வண்டி உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்புறுதியை மட்டும் உட்கார்ந்து படியுங்கள். வண்டிக் காப்புறுதி மேற்கு மலேசியாவுக்கும் செல்லுமா, பின்னால் இருப்பவருக்கும் சேர்த்தா, வண்டி நின்றுபோனால் இழுத்துவரும் செலவு யாருடையது? பயணக் காப்புறுதி தனி. சிலவற்றில் மோட்டார் சைக்கிள் பயணத்தைச் சின்ன எழுத்தில் விலக்கியிருப்பார்கள்.

படி 4: வண்டியை இரண்டு பேருக்குத் தயார் செய்யுங்கள்

பின்னால் ஒருவர் ஏறினால் அந்த எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல் விழும். பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் லேசாகும். ஹேண்டில் தளர்ந்ததுபோல் இருக்கும், முகப்பு விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். இதைச் சரிசெய்ய மூன்று வேலைகள்.

பின் ஸ்பிரிங்கின் பிரீலோடை, அதாவது அதை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, கூட்டுங்கள். எத்தனை படி என்று வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். திருகத் தெரியாவிட்டால் பட்டறையில் சொன்னால் ஐந்து நிமிட வேலை. அப்புறம் டயர் காற்று: செயின் மூடியிலோ பின்சக்கரத்தைத் தாங்கும் கையிலோ ஒட்டியிருக்கும் தாளில் ஒருவருக்கு ஓர் அளவும் இருவருக்கு வேறு அளவும் போட்டிருக்கும், அதைப் பின்பற்றுங்கள். கடைசியாக முகப்பு விளக்கைத் தாழ்த்துங்கள். எல்லாம் முடிந்தபின் இருவரும் ஏறி உட்கார்ந்து, செயின் இறுக்கத்தை வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

டயரை விரலால் தடவிப் பாருங்கள். சிங்கப்பூர்ச் சாலைகளில் நேராகவே ஓடிய டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். வளைவில் சாய்க்கும்போது அந்தத் தட்டையின் விளிம்பில் வண்டி 'தொபுக்' என்று விழுவதுபோல் இருக்கும். ஓட்டுகிறவருக்கு அது அசௌகரியம், பின்னால் இருப்பவருக்குத் திகில். அப்படித் தேய்ந்திருந்தால் போகும் முன்பே மாற்றிவிடுங்கள்.

200 சிசி வண்டியில் போகலாமா என்று, அதற்கு மேல் ஓட்ட முடியாத 2பி உரிமக்காரர்கள் கேட்பார்கள். மலைக்கு அது போதும். கஷ்டமெல்லாம் நெடுஞ்சாலையில்தான், லாரிகள் கடக்கும்போது அடிக்கும் காற்றில். இடது தடத்திலேயே பொறுமையாகப் போகத் தயார் என்றால் போகலாம்.

படி 5: பின்சீட்டுக்குப் பாடம்

மற்ற படிகளில் எதை மறந்தாலும் பணத்தாலோ நேரத்தாலோ ஈடுகட்டலாம், இதை முடியாது.

முதலில் ஏறுவது. நீங்கள் இரண்டு காலையும் ஊன்றி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏறு" என்று சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். இறங்குவதும் அப்படியே. என் மனைவி முதல் பயணத்தில் மச்சாப் ஓய்விடத்தில் நான் பக்கத் தாங்கியைப் போடும் முன்பே இறங்க, வண்டி சாய்ந்து என் முழங்காலில் உட்கார்ந்தது. தப்பு என்னுடையதுதான், நான் சொல்லிக்கொடுக்கவே இல்லையே.

அடுத்து வளைவு. புதிதாக உட்காருகிறவர் வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்வார். அது இயல்பு. ஆனால் அப்படிச் செய்தால் நீங்கள் வண்டியை இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டிவரும். "என்னோடு சேர்ந்து சாய்" என்று சொல்லிப் பயனில்லை, எவ்வளவு சாய்வது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இப்படிச் சொல்லுங்கள்: "இடது வளைவு என்றால் என் இடது தோளுக்கு மேலாகச் சாலையைப் பார். வலது என்றால் வலது தோள்." பார்வை போகும் பக்கம் உடம்பு தானாகப் போகும்.

பிரேக் பிடிக்கும்போது இருவரின் ஹெல்மெட்டும் டொக் டொக் என்று முட்டும். பின்னால் இருப்பவர் ஒரு கையை உங்கள் இடுப்பைச் சுற்றிப் பெட்ரோல் டாங்கியில் ஊன்றிக்கொண்டால் பாதி குறையும். மீதிப் பாதி உங்கள் வேலை. கியரை மெதுவாக மாற்றுங்கள், பிரேக்கை முட்டையைப் பிடிப்பதுபோல் பிடிக்கத் தொடங்கி அப்புறம் அழுத்துங்கள்.

பேச இன்டர்காம் இருந்தால் நல்லது. இருந்தாலும் தட்டு மொழி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி நடுவழியில்தான் தீரும். எங்களுடையது: ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இரண்டு என்றால் வசதியான இடத்தில் நிறுத்து, விடாமல் தட்டினால் இப்போதே நிறுத்து. இதில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு தட்டு வந்தால் "ஏன்" என்று கேட்கக்கூடாது, நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம் எங்கே பழகுவது? நம் ஊரின் மிக உயர்ந்த இடம் புக்கிட் தீமா, 163 மீட்டர். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே. ஆகவே மலையைத் தேடாமல், ஏறி இறங்கவும் நிறுத்திக் கிளம்பவும் வீட்டுக்கு அருகே பழகுங்கள். ஃபேபர் மலைச் சாலையின் வளைவுகளில் நாலைந்து சுற்று சுற்றுங்கள். பிறகு ஒரு நாள் ஜோகூரில் இருக்கும் கோத்தா திங்கி வரை போய் மதியச் சாப்பாட்டுக்குப் பின் திரும்புங்கள். அன்று எத்தனையாவது நிமிடத்தில் அவருக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என் மனைவிக்கு 55 நிமிடம். பயணத்தின் எல்லா நிறுத்தங்களையும் அந்த எண்ணை வைத்துத்தான் போட்டேன்.

படி 6: உடையும் மூட்டையும்

நெடுஞ்சாலையில் வேகும், மேலே குளிரும். காற்றுப் புகும் ஜாக்கெட், உள்ளே போட ஒரு கம்பளிச் சட்டை, கணுக்காலை மூடும் காலணி, கையுறை, இவை இருவருக்கும். உங்களுக்கு மட்டும் நல்ல ஹெல்மெட் வாங்கிவிட்டு அவருக்கு அலமாரியில் கிடந்த பழையதைக் கொடுக்காதீர்கள். மழைக்குச் சட்டையும் காற்சட்டையுமாக இருக்கும் மழையுடைதான் வேண்டும், போர்வைபோல் பறப்பது வேண்டாம். துப்பட்டா, சால்வை எதுவும் கழுத்தில் தொங்கக்கூடாது. சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பின்பெட்டி இருந்தால் முதுகுக்குச் சாய்மானம் கிடைக்கும். ஆனால் அதில் கனமானதைப் போட்டால் முன்பக்கம் இன்னும் லேசாகும். துணிமணி மேலே, கனமானவை பக்கப் பைகளில் தாழ்வாக. ஆளுக்கொரு சின்னப் பை. அதற்கு மேல் என்ன வேண்டுமானாலும் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

படி 7: நெடுஞ்சாலை

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. சாவடிகளில் இடது ஓரம் பைக்குகளுக்குத் தனி வழி இருக்கும், வேகத்தைக் குறைத்துப் போங்கள். உச்சவரம்பு 110 கி.மீ. என்றாலும் இருவராக 90 போதும். அதற்கு மேல் போனால் காற்று பின்னால் இருப்பவரின் தலையைப் பிடித்து ஆட்டும்.

மச்சாப், பாகோ, ஆயர் குரோ என்று ஓய்விடங்கள் வரிசையாக வரும். எந்த இடைவெளியில் நிற்பது என்பது கோத்தா திங்கியில் குறித்த எண்ணைப் பொறுத்தது. தே தாரிக் குடித்துவிட்டு இருவரும் பத்து நிமிடம் நடங்கள். வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்கு மானிய விலை ரோன் 95 பெட்ரோல் கிடையாது. மஞ்சள் கைப்பிடியைத் தொடாமல் ரோன் 97 போடுங்கள். கோலாலம்பூர் நகர நெரிசல் வேண்டாம் என்றால் நீலாய் பக்கமிருந்து எலிட் நெடுஞ்சாலையைப் பிடித்து ஷா ஆலம் வழியாக வடக்கே ஏறிவிடலாம்.

படி 8: மலைப்பாதை

இரண்டு வழி உண்டு. தாப்பாவிலிருந்து ரிங்லட் வழியாகப் போவது பழைய பாதை. குறுகல், விடாத வளைவுகள், இருபுறமும் காடு, வழியில் லாத்தா இஸ்கந்தர் அருவி. ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயிலிருந்து ஏறுவது அகலமான புதிய பாதை, வெட்டவெளியாகக் காட்சி விரியும்.

தாப்பா வழியாக ஏறி, சிம்பாங் பூலாய் வழியாக இறங்குங்கள். கொஞ்சம் சுற்றுதான், ஆனால் காரணம் இருக்கிறது. ஏறும்போது வேகம் தானாகக் குறையும், எடை பின்னால் நிற்கும், குறுகிய வளைவுகளைச் சமாளிப்பது சுலபம். இறங்கும்போது பின்னால் இருப்பவர் உங்கள் மேல் சரிந்து வருவார், முழுப் பாரமும் உங்கள் மணிக்கட்டில். அந்த நேரத்துக்கு அகலமான சாலைதான் வேண்டும்.

வளைவுக்குள் போகும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், உள்ளே போய்ப் பிரேக் பிடிக்காதீர்கள். காய்கறி லாரிகள் வளைவில் நடுக்கோட்டைத் தாண்டி வரும் என்றே எண்ணிக்கொண்டு ஓட்டுங்கள். நிழலான இடங்களில் ஈர இலை கிடக்கும். இறங்கும்போது இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் அது சூடாகி, அழுத்தும்போது பஞ்சுபோல் அமுங்கும். அப்படி ஆனால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

சரிவில் வண்டியைத் திருப்ப வேண்டுமா, முதலில் அவரை இறக்கிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நிறுத்தும்போது முன்சக்கரம் மேட்டைப் பார்க்க, முதல் கியரில் விடுங்கள்.

படி 9: மேலே போன பிறகு

ஒரு நாள் முழுக்க வண்டியை மறந்துவிடுங்கள். போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. சுங்கை பாலாஸில் அதன் சரிவுகளைப் பார்த்தபடி தேநீர் குடிக்கலாம். அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்த கைகளில் நம்மவர் கைகள் எத்தனையோ. கடைக்காரர், கோயில் குருக்கள் என்று யாராவது தமிழில் பேச்சுக் கொடுப்பார்கள், நின்று பேசுங்கள். பிரிஞ்சாங்கில் முருகன் கோயில் இருக்கிறது. 2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் மலை உச்சிக்குப் போகும் சாலை ஒடுக்கம், செங்குத்து. அதற்கு மட்டும் வாடகை ஜீப்பில் போனோம். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் வேடிக்கை பார்த்தது அந்தப் பயணத்தில் அப்போதுதான்.

திரும்பி வந்ததும் ஒரு வேலை பாக்கி. பிரீலோடையும் டயர் காற்றையும் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். நான் மறந்துவிட்டேன். திங்கள் காலை தனியாக வேலைக்குப் போகும்போது வண்டி மாட்டுவண்டிபோல் குதித்தது. சஸ்பென்ஷன் போய்விட்டது என்று பட்டறைக்கே கொண்டுபோய்விட்டேன். மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, பின்னாடி ஆள் யாருமில்லையே" என்றார்.