பஸ்டர் கீட்டனை எங்க ஆரம்பிச்சு எப்படி பாக்கணும்

சைலன்ட் காமெடின்னா நிறைய பேர் சாப்ளினோட நிறுத்திடறாங்க, அடுத்து அதே காலத்து அமெரிக்க காமெடி நடிகர், டைரக்டர் கீட்டன் பக்கம் வாங்கன்னு கேட்டுக்கறேன். ஆனா எடுத்த உடனே அவரோட பேர்போன படம் 'தி ஜெனரல்' போட்டு உக்காராதீங்க. முதல்ல 1920ல வந்த 'ஒன் வீக்', இருபது நிமிஷம் சொச்சம்தான், புதுசா கல்யாணம் ஆன ஜோடிக்கு பெட்டி பெட்டியா பார்ட்ஸா வர்ற வீடு, பெட்டி மேல இருக்கற நம்பரை ஒருத்தன் மாத்தி விட்டுடறான், வீடு கோணல்மாணலா எழும்பி நிக்குது.

பாக்கும்போது போனை தள்ளி வச்சிடுங்க, காதுல வசனம் விழாது, கண்ணை எடுத்தா சீன் போச்சு. மூஞ்சியை மட்டும் பாக்காம ஃப்ரேம் முழுசையும் பாருங்க, ஏன்னா கேமராவை தள்ளி வச்சு ஆள் முழுசா தெரியற மாதிரிதான் எடுப்பாரு, விழறது நிஜமாவே அவர்தான்னு நமக்கு தெரியணும்ல. 1895ல கான்சாஸ்ல பொறந்தவர், சின்ன வயசுலயே மேடை காமெடி ஷோல அப்பா அவரை தூக்கி தூக்கி எறிவாரு, அடிபடாம விழறதும் சிரிக்காம இருந்தா ஜனம் இன்னும் சிரிக்கும்ங்கறதும் அங்க கத்துக்கிட்டதுதான்.

அடுத்தது 'ஷெர்லாக் ஜூனியர்', 1924, முக்கால் மணி நேரம். ரயில் மேல ஓடி வந்து தண்ணி டேங்க் குழாயை புடிச்சு தொங்குவாரு, தண்ணி மொத்தமா கொட்டி ஆளை தண்டவாளத்துல அடிக்கும், அப்ப கழுத்து எலும்பு உடைஞ்சிருக்கு, பல வருஷம் கழிச்சு எக்ஸ்ரேலதான் தெரிஞ்சுது. அந்த ஷாட்டை நிறுத்தி திரும்ப பாருங்க, எழுந்து ஓடறாரு மனுஷன்!

இப்ப 'தி ஜெனரல்' (1926) போடுங்க. அமெரிக்காவோட ஓரிகன் மாநிலத்துல நிஜ பாலத்தை எரிச்சு நிஜ ரயில் இன்ஜினை ஆத்துல விழ வச்சாங்க, ரீடேக்குக்கு வழியே இல்ல. வந்தப்ப படம் ஓடல, எனக்கு இன்னும் ஆறல அது. 1928 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்'ல வீட்டோட முன்சுவர் அப்படியே மேல சாயும், ஜன்னல் ஓட்டை வர்ற இடத்துல நிக்கறதால தப்பிப்பாரு.

அதே 1928ல எம்ஜிஎம்ங்கற பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோல சேந்தாரு, 'தி கேமராமேன்' நல்லா வந்துச்சு, அப்புறம் முடிவெடுக்கற உரிமையெல்லாம் ஸ்டுடியோ கைக்கு போயிடுச்சு, குடியும் சேந்து 1933ல வெளிய அனுப்பிட்டாங்க. அங்க அவர் நடிச்ச பேசும் படங்களை இப்போதைக்கு விட்டுடுங்க. நேரா 1965 'தி ரெயில்ராடர்'க்கு போங்க, எழுபதை தொடற வயசுல சின்ன தண்டவாள வண்டில கனடாவை குறுக்க தாண்டறாரு, அதுலயும் ஒரு வார்த்தை பேசல. கனடா நேஷனல் ஃபிலிம் போர்டு எடுத்தது, அவங்க சைட்லயே கிடைக்கும்.