ஏற்காட்டில் ஒரு பேய்ப்படம்: பணம் கரையும் இடங்கள்

ஏற்காட்டுக்கு லொகேஷன் பார்க்கக் கிளம்பும் குழுக்கள் பெரும்பாலும் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவின் முன் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கின்றன. 1935-ல் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் தொடங்கிய படத் தயாரிப்பு நிறுவனம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் அங்கிருந்துதான் வந்தது. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று வீடுகள். நேரக் கண்டிப்புக்கும் செலவுக் கட்டுப்பாட்டுக்கும் பெயர் வாங்கிய மனிதரின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களின் பையில் பல நேரம் திரைக்கதை இருக்கிறது, பட்ஜெட் தாள் இருப்பதில்லை.

பேய்ப்படம் எடுக்கும் ஆசை நியாயமானதுதான். பெரிய நடிகர் வேண்டாம், வெளிநாட்டுப் பாட்டு வேண்டாம். ஒரு எஸ்டேட் பங்களா, நான்கு புதுமுகங்கள், கொஞ்சம் மூடுபனி போதும் என்ற கணக்கில் பாதி சரி. மீதிப் பாதிதான் ஆட்களைக் கடனில் தள்ளுகிறது. சிறு படங்களின் வரவு செலவைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் படங்கள் பெரும்பாலும் படப்பிடிப்பில் நிற்பதில்லை. படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைத்த பிறகு, கையில் காசில்லாமல், ஹார்டு டிஸ்கில் நிற்கின்றன.

கடன் வாங்கும்போது

‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ என்ற அமெரிக்கப் படத்தின் கதையை முதலீட்டாளரிடம் சொல்லாத இளம் இயக்குநர் குறைவு. சுமார் 15,000 டாலரில், இயக்குநர் ஓரன் பெலியின் சொந்த வீட்டிலேயே எடுத்த படம் உலகம் முழுக்கக் கோடிகளைக் குவித்தது என்பது உண்மை. ஆனால் அது 2006-ல் எடுக்கப்பட்டது. திரையரங்குகளில் பரவலாக வந்தது 2009-ல். நடுவில் பாரமவுண்ட் என்ற பெரிய ஸ்டூடியோ அதை வாங்கி, முடிவை மாற்றி, விளம்பரத்துக்குத் தன் பணத்தை இறக்கியது. 15,000 டாலர் என்பது எடுத்த செலவு. மக்களிடம் கொண்டுபோன செலவு வேறொருவருடையது. இதைச் சொல்லாமல் பணம் கேட்பது பொய்க்குப் பக்கத்தில் நிற்கிற பேச்சு.

சேலம் பக்கத்தில் படத்துக்குப் பணம் போடுகிறவர் பெரும்பாலும் சினிமாக்காரர் இல்லை. ஜவ்வரிசி ஆலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, விசைத்தறி, திருச்செங்கோட்டுப் பக்கம் என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி என்று ஏதாவது ஒரு தொழிலில் உழைத்துச் சம்பாதித்தவர். சரக்கு போனால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்று விரல்நுனியில் வைத்திருப்பவர். அவரிடம் “நூறு நாளில் மூன்று மடங்கு, அண்ணா” என்று சொல்வதைவிட, “மொத்தமும் போகலாம். வந்தால் முதலில் உங்கள் அசல், பிறகுதான் என் சம்பளம்” என்று எழுதிக் கொடுப்பது நல்லது. வரும் பணத்தை யார் எந்த வரிசையில் எடுப்பது என்பதுதான் ஒப்பந்தத்தின் உயிர். லாபப் பங்கு சதவீதத்தை மட்டும் எழுதிவிட்டு வரிசையை எழுதாமல் விட்ட ஒப்பந்தங்கள் உறவையே முறித்திருக்கின்றன.

வட்டிக்கு வாங்குகிறவர்கள் செய்யும் பிழை எளிய பெருக்கல் கணக்கில் இருக்கிறது. மூன்று ரூபாய் வட்டி என்பது காதுக்குச் சின்னதாகக் கேட்கும். மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். 40 லட்சம் வாங்கினால் மாதம் 1,20,000 ரூபாய். “இருபத்தைந்து நாள் ஷூட்டிங்தானே” என்று எல்லோரும் படப்பிடிப்பு நாட்களையே எண்ணுகிறார்கள். எடிட்டிங், ஒலி, கிராஃபிக்ஸ், தணிக்கை, தியேட்டர் தேதி என்று பதினைந்து மாதம் இழுத்தால் வட்டி மட்டும் 18 லட்சம். அந்த 18 லட்சத்தில் ஒரு ரூபாய்கூடத் திரையில் தெரியாது. ஆகவே வட்டிப் பணத்தில் படப்பிடிப்பைத் தொடங்காதீர்கள். கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால், படம் முடிந்து, விற்பனை பேச்சு நடக்கும் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் வாங்குங்கள். மனைவியின் நகையை அடகு வைத்துப் படப்பிடிப்பைத் தொடங்குவதைத் தியாகமாகப் பேசுகிறார்கள். எனக்கு அது திட்டமில்லாமை என்றுதான் படுகிறது.

நண்பர்களிடம் ஆளுக்கு ஒரு லட்சம் திரட்டுவது இப்போது பரவலான வழி. திரட்டலாம், ஆனால் முறையாக. “போட்ட பணம் இத்தனை மாதத்தில் இவ்வளவாகத் திரும்பும்” என்று உறுதி கொடுத்துப் பொதுவில் வசூலித்தால், முறைப்படுத்தப்படாத வைப்புத்தொகைத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிக்க வாய்ப்பிருக்கிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கிப் பங்கு கொடுப்பதற்கும் ஒரு நிதியாண்டில் 200 பேர் என்ற வரம்பு உண்டு. ஓர் ஆடிட்டரிடம் அரை நாள் உட்கார்ந்து, எல்எல்பியா (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) கம்பெனியா என்று முடிவுசெய்து, படத்துக்கென்று தனி வங்கிக் கணக்குத் தொடங்கிவிட்டுப் பிறகு வாட்ஸ்அப் குழு தொடங்கலாம்.

அந்த வங்கிக் கணக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது, இரண்டாக இருக்க வேண்டும். எடுக்கும் பணம் ஒன்றில். எடுத்த பிறகு தேவைப்படும் பணம் இன்னொன்றில். என் கணக்கில் மொத்தத் தொகையில் பத்துக்கு நான்கு பங்கு இரண்டாவதில் தூங்க வேண்டும். இருபதாவது நாள் கேமராமேன் இன்னும் இரண்டு நாள் கேட்கும்போது அதைத் தொடக் கூடாது. அரசு மானியம் கிடைக்கும் என்று வரவுப் பக்கத்தில் எழுதுவதும் வேண்டாம். வந்தால் கடனை அடைக்கலாம்.

பணம் கேட்கப் போகும்போது போஸ்டரையும், பின்னணியில் ஆங்கில இசை ஓடும் ஒரு நிமிட டீசரையும் காட்டுவதில் பயனில்லை. அமெரிக்க இயக்குநர் சாம் ரெய்மி தன் முதல் திகில் படத்துக்குப் பணம் திரட்டும் முன், 1978-ல் அரைமணி நேரக் குறும்படம் ஒன்றை எடுத்து அதைக் காட்டித்தான் ஊரில் தெரிந்தவர்களிடம் பேசினார். முழுதாக ஒரு காட்சி எடுங்கள். ஐந்து நிமிடம் போதும். பார்க்கிறவர் நாற்காலியில் நகர்ந்து உட்காரவில்லை என்றால், 40 லட்சம் செலவழித்தாலும் நகர மாட்டார்.

மலை உங்கள் கால்ஷீட்டுக்கு வராது

ஏற்காடு சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் தொலைவுதான் என்பது ஏமாற்றும் எண். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஜெனரேட்டர் வண்டி ஏறி வரும் நேரம் வேறு. மறந்துவிட்ட ஒரு லென்ஸுக்காக ஆள் இறங்கி ஏறினால் காலை வேளை முழுக்கப் போய்விடும். ஊரிலேயே யூனிட்டைத் தங்க வைக்காமல் தினமும் சேலத்திலிருந்து ஏற்றி இறக்கினால் அறை வாடகையில் மிச்சமாகும், அதைவிட அதிகமாக டீசலிலும் தூக்கமில்லாத முகங்களிலும் போகும். மே மாதத்தில் கோடை விழாக் கூட்டம். அறை வாடகை உச்சத்தில் இருக்கும். அப்போது மூடுபனியும் நம்பக்கூடியதாக இருக்காது.

பனிக்காகக் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தால் வேறு சிக்கல். நவம்பரிலிருந்து ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். எஸ்டேட்டில் ஆட்கள் வேலையில் இருப்பார்கள். களத்தில் காபி காயும். எந்த முதலாளியும் அப்போது முழு மனதுடன் இடம் தர மாட்டார். வடகிழக்குப் பருவமழையும் அந்தப் பக்கம்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். மழைக்கு என்று மாற்று நாட்களும், எந்த வானிலையிலும் எடுக்கக்கூடிய பங்களா உட்புறக் காட்சிகளும் கையில் இல்லாமல் மலை ஏறக் கூடாது.

மூடுபனியை நம்பி எழுதிய காட்சியே பெரிய பொறி. வசனத்தின் முதல் வரியில் பனி மூடியிருக்கும், எதிர்க்கோணத்துக்குக் கேமராவைத் திருப்புவதற்குள் வெயில் அடிக்கும். புகை இயந்திரம் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். திறந்தவெளியில் மலைக்காற்று அதை வைத்த வேகத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். வெளிப்புறப் பனிக்காட்சிகளை ஒரே ஷாட்டில் முடிகிற மாதிரி எழுதுங்கள். இரண்டு பக்கமும் வெட்டி வெட்டிப் பேசும் வசனங்களை உள்ளே கொண்டுபோங்கள். இன்னொன்று: இரவு முழுக்கக் குளிரில் இருந்த கேமராவை நேராகச் சூடான அறைக்குள் கொண்டுவந்து திறந்தால் லென்ஸில் நீர் பூத்துவிடும். பையை மூடியபடியே உள்ளே வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும்.

இடத்துக்கான அனுமதியில் ஒரு பழக்கம் இருக்கிறது. காவலாளி “எடுத்துக்கோங்க தம்பி” என்பார், மேனேஜர் தலையசைப்பார், மூன்றாம் நாள் சென்னையிலிருந்து உரிமையாளரின் தம்பி ஃபோன் செய்வார். பல பங்களாக்கள் பாகம் பிரியாத குடும்பச் சொத்து. கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு என்று முதலில் கேளுங்கள். படத்தில் எஸ்டேட்டின் உண்மைப் பெயரைப் பயன்படுத்த வேண்டாம். எஸ்டேட் வேலி முடிகிற இடத்தில் பல பக்கம் காப்புக்காடு தொடங்குகிறது. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே விளக்கு வைக்க முடியாது. காட்டெருமை நடமாடும் மலை இது. இரவில் கதாநாயகியைத் தனியாக ஓடவிட்டு ட்ரோனில் எடுக்கும் யோசனை இருந்தால், உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

உள்ளூர்க்காரர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களை எலும்பு மாலை போட்ட மந்திரவாதியாகக் காட்டும் எழுத்து சோம்பேறித்தனம். ஒரு இனத்தையோ மதத்தையோ இழிவுபடுத்தும் காட்சிகள் கூடாது என்பது தணிக்கை வழிகாட்டுதலிலும் இருக்கிறது. அதை விட்டாலும், அவர்கள் ஊரில் தங்கி, அவர்கள் கையால் சாப்பிட்டுவிட்டு, அவர்கள் சாமியைப் பேயாக்குவது எப்படித் தகும்?

குழந்தைப் பேய், காக்கை, கிராமபோன்

இந்த மூன்றும் இல்லாத திரைக்கதை என் கைக்கு வருவது அரிது. மூன்றுக்கும் சட்டம் இருக்கிறது.

2017-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி குழந்தையை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. இடைவெளியின்றி மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். இரவு முழுக்க ஒப்பனையுடன் ஏழு வயதுக் குழந்தையை உட்கார வைக்கும் திட்டத்தை இப்போதே கிழித்துவிடலாம்.

விலங்கோ பறவையோ நடித்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதியும், பிறகு தடையில்லாச் சான்றும் வேண்டும். கறுப்புப் பூனைக்கும் அப்படித்தான். சான்று இல்லையென்றால் தணிக்கையில் அந்தக் காட்சி படத்தையே நிறுத்திவைக்கும். ஆந்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. பிடித்து வந்து உட்கார வைக்கும் பேச்சே கூடாது. சத்தத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது இன்னும் பயமுறுத்தும்.

பூட்டிய அறையில் தானாகப் பாடும் பழைய பாட்டு. “அறுபது வருடம் ஆகிவிட்டது, உரிமை போய்விட்டது” என்கிறார்கள். ஒலிப்பதிவின் உரிமைக்குத்தான் வெளியான பிறகு 60 ஆண்டு. பாடல் வரிக்கும் இசைக்கும் எழுதியவர் மறைந்த பிறகு 60 ஆண்டு. 1981-ல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 இறுதிவரை காப்புரிமை உண்டு. உங்கள் இசையமைப்பாளரையே பழைய பாணியில் ஒன்று போடச் சொல்வது மலிவு.

காதுக்குச் செலவு செய்யுங்கள்

கேமரா வாடகையில் பேரம் பேசாதவர்கள் ஒலியில் பேரம் பேசுகிறார்கள். பேய்ப்படத்தில் இது தலைகீழ். படம் சுமாராகத் தெரிந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், மாடிப்படியின் கிறீச் சத்தம் பொய்யாகக் கேட்டால் சிரித்துவிடுவார். ஒரு தியேட்டரில் ஒருவர் சிரித்தால் அந்தக் காட்சி முடிந்தது.

பங்களாவை விட்டுக் கிளம்பும் முன், ஜெனரேட்டரை நிறுத்தி, எல்லோரையும் வெளியே அனுப்பி, ஒவ்வோர் அறையின் வெறும் அமைதியையும் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். கதவுகள், தரைப்பலகை, ஓட்டில் விழும் மழை, சாயங்காலச் சில்வண்டு எல்லாமே இலவசம். சென்னையில் ஒலிக்கூடத்தில் உட்கார்ந்து இதைத் தேடினால் மணிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும், கிடைப்பதும் வேறு ஏதோ நாட்டுச் சில்வண்டாக இருக்கும்.

விற்கும்போது

தணிக்கையில் என்ன சான்றிதழ் வேண்டும் என்பதை எழுதும்போதே முடிவு செய்ய வேண்டும். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகிவிட்டது. ‘ஏ’ வாங்கினால் தொலைக்காட்சியில் அப்படியே காட்ட முடியாது. வெட்டி, வேறு சான்றிதழுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ரத்தம் கொட்டும் இரண்டு காட்சிகளுக்காகச் சேட்டிலைட் விற்பனையைத் தள்ளிப்போடுவது லாபமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டிக்கெட் பணம் முழுக்க உங்களுக்கு வராது. ஜிஎஸ்டியும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் முதலில் போகும். மீதியைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பேசிய விகிதத்தில் பிரிப்பார்கள். அதிலிருந்து விநியோகக் கமிஷன், டிஜிட்டல் திரையிடல் கட்டணம், போஸ்டர் செலவு கழியும். நூறு ரூபாய் டிக்கெட்டில் 40 ரூபாய் கைக்கு வருகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், படத்துக்கு 80 லட்சம் செலவாகியிருந்தால் அதை எடுக்க இரண்டு லட்சம் பேர் வர வேண்டும். தமிழ்நாட்டு விநியோகத்தில் சேலம் என்பது தனி ஏரியா. நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி அதில் சேரும். எட்டு ஏரியாவிலும் ஒரே நாளில் இறக்கி முதல் வாரத்திலேயே தூக்கப்படுவதைவிட, உங்களைத் தெரிந்த இந்த ஒரு ஏரியாவில் நல்ல காட்சி நேரம் கேட்டு வாங்குவது சிறு படத்துக்குப் பொருந்தும். இரவுக் காட்சி கேளுங்கள். காலை 11 மணிக்குப் பேய்ப்படம் பார்க்க யார் வருவார்கள்?

கடைசியில் வருவது உரிமை ஒப்பந்தம். கடனில் இருக்கும்போது நீட்டப்படும் தாளில் “அனைத்து உரிமைகளும், அனைத்து மொழிகளிலும், உலகம் முழுக்க, நிரந்தரமாக” என்று இருக்கும். திகில் படம் மொழி தாண்டிப் போகிற சரக்கு. தெலுங்கு, இந்தி டப்பிங்கும் ரீமேக்கும் தனித்தனியாக விலை போகும். காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கும், எல்லை குறிப்பிடாதது இந்தியாவுக்குள்ளும் மட்டுமே செல்லும். வாங்குகிறவரின் வழக்கறிஞருக்கு இது தெரியும், அதனால்தான் அந்தச் சொற்களை மறக்காமல் போடுகிறார். அவற்றை அடித்துவிட்டு மொழியையும் ஆண்டையும் நாட்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் தாளை வீட்டுக்கு வாங்கி வந்து, உங்கள் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.