எட்டாம் மாசத்துல ரெண்டு பாடி போதும்

ராமேஸ்வரம் பக்கத்துல இருக்குற மண்டபம் ஊர்ல ஒரு தையல் மிஷினும் ஒரு கண்ணாடி அலமாரியும் வச்சுக் கடை நடத்துறேன். பால் குடுக்கும்போது போடுற ஃபீடிங் பிரா, எங்க பேச்சுல பாடி, கேட்டு வர்ற மாசமா இருக்குறவங்ககிட்ட முதல்ல அளவு கேக்க மாட்டேன். "வீட்டுல என்ன உடுத்துவீங்க?"ன்னுதான் கேப்பேன். பல பேரு முழிப்பாங்க. பாடிக்கும் மேல உடுத்துறதுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். முழு சம்பந்தமும் அங்கதான் இருக்கு.

இப்ப எல்லாரும் கேக்குறது கிளிப் பாடி. தோள்ல போற பட்டையும் கப்பும் சேர்ற இடத்துல ஒரு கிளிப் இருக்கும். அதை அவுத்தா கப்பு மட்டும் கீழ மடங்கும், பட்டை தோள்லயே நிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனா அந்தக் கிளிப் காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழதான் வரும். சேலை கட்டி முன்னாடி ஹூக் வச்ச ஜாக்கெட் போடுற பொம்பளைங்க பால் குடுக்க என்ன செய்வாங்க? கீழ இருக்குற ஹூக் ரெண்டு மூணை அவுத்து ஜாக்கெட்டை மேல தூக்குவாங்க. கிளிப்புக்குக் கை போகணும்னா மேல் ஹூக் வரைக்கும் அவுக்கணும். ராமநாதபுரம் போற பஸ்ல, மடியில பிள்ளை அழுதுக்கிட்டு இருக்கும்போது அது ஆகுற காரியமா? இப்படி வாங்கிட்டுப் போய் மடிப்புக் கலையாம பீரோவுல வச்சிருக்குறவங்க நிறைய.

சேலைக்காரங்களுக்கு முன்பக்கம் ஹூக் வச்ச காட்டன் பாடிதான் சரி. விலையும் குறைச்சல். அதுல ஒரு குறை உண்டு. முன்னாடி ஹூக் மாட்டுற வளையம் ஒரே வரிசைதான் இருக்கும், தளர்த்தவும் இறுக்கவும் முடியாது. என்கிட்ட வந்தா இன்னொரு வரிசை வளையம் தைச்சுக் குடுத்துருவேன். உங்க ஊரு தையக்கார அக்காகிட்டயும் கேளுங்க, பத்து நிமிஷ வேலை.

நைட்டிதான் எந்நேரமும்னா, ஜிப் எங்க இருக்குன்னு பாருங்க. கழுத்துலருந்து நடுவுல இறங்குற ஜிப்னா கிளிப் பாடி அருமையா ஒத்து வரும். ரெண்டு பக்கமும் மறைவா ஜிப் வச்ச ஃபீடிங் நைட்டின்னா, அந்த வழியா கையை விட்டுக் கிளிப்பைத் தொட முடியுதான்னு பாத்துட்டு வாங்குங்க. சுடிதாரை அடியிலருந்து தூக்கித்தான் பால் குடுக்கணும். அதுக்கு, முன்னாடி ஒண்ணு மேல ஒண்ணா குறுக்கே போற மாதிரி இருக்குற இழுவைத் துணி பாடி நல்லா இருக்கும். கிளிப்பே கிடையாது, ஓரமா ஒதுக்கினா போதும். கீழக்கரைப் பக்கத்துலருந்து வர்ற லாத்தாமாருக்கும் இதையேதான் சொல்றது. புர்காவுக்கு முன்னாடி ஜிப் இருக்குன்னு கிளிப் பாடி கேப்பாங்க. உள்ள போட்டிருக்குற சுடிதாரை யாரு தூக்குறது?

இனி அளவு. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு தாய்வீட்டுக்கு வந்த கையோட வாங்குறவங்க உண்டு. கொஞ்சம் பொறுங்க. வயிறு மேல ஏற ஏற விலாவும் விரியும், எட்டாம் மாசக் கடைசியிலதான் அது ஒரு நிலைக்கு வரும். அப்ப மாருக்குக் கீழ டேப்பைச் சுத்தி, மூச்சை விட்டுட்டு அளந்துக்கோங்க. அடுத்து மாரோட எடுப்பான இடத்துல, இறுக்காம ஒரு அளவு. கடையில "முப்பத்தாறு குடுங்க"ன்னு மொட்டையா கேக்காதீங்க. ஒரு கம்பெனி முப்பத்தாறும் இன்னொரு கம்பெனி முப்பத்தாறும் ஒண்ணா இருக்காது. அட்டைப் பெட்டிக்குப் பின்னாடி ஒரு கட்டம் போட்டு, மாருக்குக் கீழ இத்தனை, மாரோட எடுப்பான இடத்துக்கு இத்தனைன்னு அச்சடிச்சிருப்பாங்க. நிறைய பெட்டியில சென்டிமீட்டர்லதான் இருக்கும். டேப்போட இன்னொரு பக்கத்தைத் திருப்பிப் பாத்தா அதுவும் இருக்கும்.

பின்னாடி மாட்டுற பாடின்னா மூணு, நாலு வரிசை ஹூக் வச்சதா எடுங்க. எட்டாம் மாசத்துல கடைசி வரிசையில, அதாவது ரொம்பத் தளர்வான வரிசையில மாட்டினா சரியா இருக்கணும். பிள்ளை பிறந்து விலா சுருங்கச் சுருங்க உள் வரிசைக்கு வந்துக்கலாம். மாட்டிக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்து பாருங்க. நிக்கும்போது சரியா இருந்தது உக்காந்தா வயித்தோட சேந்து குத்தும். மாருக்குக் கீழ சுத்தி வர்ற பட்டிக்குள்ள ரெண்டு விரல் தாராளமா போகணும். கப்புக்குள்ள உள்ளங்கையை விடுற அளவுக்கு இடம் மிச்சம் இருக்கட்டும். பிள்ளை பிறந்து மூணாம் நாள், நாலாம் நாள்ல பால் இறங்கும்போது மாரு இறுகிப் போய்த் தொட விடாது. அன்னிக்கு அந்த மிச்ச இடம் தேவைப்படும்.

கப்புக்கு அடியில கம்பி வச்சது வேண்டவே வேண்டாம். கம்பி அழுத்துற இடத்துல பால் போற வழி அடைபட்டுக் கட்டிக்கும். சின்ன அளவைப் பல்லைக் கடிச்சுக்கிட்டு மாட்டினாலும் அதே கதைதான். பால் கட்டினா துணியை வச்சு இறுக்கக் கட்டுன்னு சொல்ற பெரியவங்க இன்னும் இருக்காங்க, கேக்காதீங்க. மாரு சிவந்து வலியெடுத்துக் காய்ச்சலும் வந்தா பால் குடுக்குறதை நிறுத்தாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

துணியைப் பாக்குறதுக்குன்னு ஒரு முறை வச்சிருக்கேன். பாடியை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பிக்கோங்க. கப்புக்குள்ள கட்டை விரலை மெதுவா ஓட்டுங்க. காம்பு வர்ற இடத்துல குறுக்கே தையல் ஓடுதா? விலை குறைஞ்சதுல பாதி அப்படித்தான் இருக்கும். முதல் ரெண்டு வாரம் காம்பு வெடிச்சுப் புண்ணா இருக்கும்போது அந்தத் தையல் உயிரை எடுத்துரும். தையல் முடியுற இடத்துல நூல் நுனியைத் தடவுங்க. சில கம்பெனி தூண்டில்ல கட்டுற தங்கூசி மாதிரி கண்ணுக்குத் தெரியாத நைலான் நூல்ல தைக்குறாங்க, வெட்டின நுனி முள்ளாக் குத்தும். அப்படி இருந்தா அந்தப் பாடியை அப்பவே திருப்பிக் குடுத்துருங்க. பட்டை ஒரு இஞ்ச் அகலமாவது வேணும். காட்டன்ல கொஞ்சம் இழுவை கலந்ததுதான் நல்லது, திருப்பூர் பனியன் துணியில வர்றதே போதும். உள்ள பஞ்சு வச்சது வேண்டாம். பால் கசிஞ்சா பஞ்சு குடிச்சு வச்சுக்கும், நம்ம ஊரு ஈரக் காத்துல காயவும் காயாது.

கிளிப் பாடின்னா கப்பைக் கீழ மடக்கி, உள்ள இருக்குற ஓட்டையைப் பாக்கணும். சிலதுல சின்ன வட்டமா வெட்டி விட்டிருப்பாங்க. அந்த வட்டம் மாரை நெரிக்கும், பிள்ளை வாய்க்கும் இடம் பத்தாது. பக்கவாட்டுல மட்டும் துணி நின்னு, முன்னாடி முழுசாத் திறக்குறதுதான் வேணும். அப்புறம் ஒரு கைப் பரீட்சை. இடது முழங்கை மடிப்புல ஒரு தண்ணி பாட்டிலைப் பிள்ளையா நினைச்சு வச்சுக்கிட்டு, வலது கையால மட்டும் கிளிப்பை அவுத்து, திரும்ப மாட்டிப் பாருங்க. அவுக்குறது எல்லாருக்கும் வரும், மாட்டுறதுலதான் தெரியும். அடுத்து கையை மாத்தி.

எங்க பக்கத்துல 150லருந்து 300 ரூபாய்க்குள்ள நல்ல பாடியே கிடைக்குது. அதுக்கு மேல போற விலையில லேஸும் அட்டைப் பெட்டியும்தான் கூடுது. மூணு சேத்து வாங்கினா மலிவுன்னு ஆன்லைன்ல ஆசை காட்டுவாங்க. பிறக்குறதுக்கு முன்னாடி ரெண்டுக்கு மேல வாங்காதீங்க. பால் சுரப்பு ஒரு நிதானத்துக்கு வர ஒண்ணரை மாசம் ஆகும், அப்ப மாரளவு மாறியிருக்கும். உள்ளாடையைப் பல கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க. ஒண்ணை மட்டும் வாங்கி வீட்டுல போட்டுப் பாத்துட்டு, ஒத்து வந்தா அதே கம்பெனியில இன்னொண்ணு எடுங்க.

விசைப்படகுக்குப் போற வீடுன்னா காலண்டரையும் பாத்துக்கோங்க. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வீட்டுல காசு நடமாட்டம் இருக்காது. மே, ஜூன்ல நாள் குறிச்சிருந்தா படகு கட்டுறதுக்கு முன்னாடியே இதுக்குன்னு ஒரு 500 ரூபாயைத் தனியா எடுத்து வச்சுருங்க. வாங்குறதை அப்புறம் வாங்கிக்கலாம்.

பிள்ளை பிறக்காம ஒண்ணும் வாங்கி வைக்கக் கூடாதுன்னு பிடிவாதமா நிக்குற அம்மாமார் இன்னும் உண்டு. "இது பிள்ளைக்கு இல்லை ஆத்தா, உங்க மகளுக்கு"ன்னு சொன்னா பாதிப் பேரு சிரிச்சுக்கிட்டே காசை எடுப்பாங்க. பிள்ளை பிறந்ததும் அரசாங்கம் குடுக்குற பெட்டகத்துல பிள்ளைக்குச் சட்டை, துண்டு, எண்ணெய்னு 16 பொருள் இருக்கு, தாய்க்கு லேகியம்கூட இருக்கு. பாடி இல்லை. அதை நாமதான் எடுத்து வைக்கணும்.

ஆஸ்பத்திரிப் பையில துவைச்ச ரெண்டையும் வைங்க. ஆபரேஷன் ஆனா தலை வழியா மாட்டுற பாடி போட முடியாது, கையைத் தூக்கினாலே தையல் இழுக்கும். அதனால ரெண்டுல ஒண்ணாவது ஹூக் வச்சதா இருக்கட்டும். வார்டுல துவைச்சுக் காயப்போட இடம் தேடி அலையணும். மூணாவதா, இப்பப் போடுற பழைய காட்டன் பாடியே போதும். அதுக்கு ஹூக் பட்டைன்னு ஒண்ணு விக்குது. பின்னாடி ஹூக்ல மாட்டினா ரெண்டு இஞ்ச் வரைக்கும் கூடும், விலை ஐம்பது ரூபாய்க்குள்ளதான்.

கை வேலை தெரிஞ்சவங்க பழைய பாடியையே பால் குடுக்குற பாடியா மாத்திக்கலாம். கப்பு நல்லா இருக்கணும், பட்டி தளர்ந்திருக்கக் கூடாது. பட்டை கப்புல சேர்ற இடத்தை வெட்டுங்க. பட்டை நுனியில வளையமும் கப்பு நுனியில கிளிப்பும் தைங்க. வெறுமனே இதோட விட்டா கிளிப்பை அவுத்ததும் பட்டை முதுகுப் பக்கம் ஓடிரும். அதனால அரை இஞ்ச் பருத்தி நாடாவைப் பட்டை நுனியில தைச்சு, உள்பக்கமா அக்குளை ஒட்டிக் கொண்டு வந்து கீழ்ப் பட்டியில தைச்சுருங்க. நாடா மாருக்கு ஓரமாப் போகணும், மேல ஏறக் கூடாது. போட்டுக்கிட்டு நாடாவைக் குண்டூசியால குத்தி அளவு பாத்துட்டுத் தைச்சா தப்பாது.

பால் கசியுறதுக்குத் தனியா பேடு வாங்க வேண்டியதில்லை. சில பேருக்கு ஒன்பதாம் மாசமே சீம்பால் கசியும், அதனால இதை முன்னாடியே தைச்சு வைங்க. துவைச்சுத் துவைச்சு மெதுவான பழைய வேட்டியை நாலு இஞ்ச் வட்டமா வெட்டி, ஆறு மடிப்பா அடுக்கி ஓரம் தைச்சா போதும். ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கட்டும். நனைஞ்சதும் மாத்துங்க, ஈரத்தோட விட்டா அரிப்பும் பூஞ்சைப் புண்ணும் வரும். துவைச்சதை வெந்நீர்ல அலசி நல்ல வெயில்ல போடுங்க.

பாடியை மட்டும் நேர் வெயில்ல போடாதீங்க, இழுவை செத்துப் போகும். நிழல்ல, காத்து வர்ற இடத்துல போடுங்க. நம்ம உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்காது, அலசினாலும் போகாது. துணி வெறைச்சுப் போய் புண்ணுல உரசும். துவைக்குறது எந்தத் தண்ணியிலயும் துவைங்க, கடைசி அலசல் மட்டும் ஒரு சொம்பு காவிரித் தண்ணியில இருக்கட்டும். குடிக்குற தண்ணியை இதுக்குச் செலவு பண்ணலாமான்னு மாமியார் கேட்டா, பிள்ளை வாய் வைக்குற இடம்னு சொல்லுங்க. வாடைக் காலத்துல துணி ரெண்டு நாள் ஆனாலும் காயாது. ஐப்பசி, கார்த்திகையில பிரசவம்னா மட்டும் நான் மூணு புதுசு எடுக்கச் சொல்லுவேன்.

பாசி எடுக்கத் திரும்பக் கடலுக்குப் போறவங்க பால் குடுக்குற பாடியோட தண்ணியில இறங்காதீங்க. இறங்குறதுக்குப் பழசு ஒண்ணு வச்சுக்கோங்க. கரை ஏறினதும் மாரை நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு, காஞ்சதை மாட்டிக்கிட்டுப் பிள்ளையைத் தூக்குங்க.

ஒண்ணரை மாசம் கழிச்சு மறுபடி அளந்து பாத்து, தேவைப்பட்டா ஒண்ணோ ரெண்டோ வாங்குங்க. அப்ப எடுக்குறதுதான் பிள்ளை பால் மறக்குற வரைக்கும் வரும். கிளிப்பு பிளாஸ்டிக்கா பாத்து வாங்குங்க. இரும்புக் கிளிப்பு இந்தக் கடக்காத்துல துருப்பிடிச்சுத் துணியெல்லாம் கறையாக்கும். பாடி நைஞ்சு போச்சுன்னா தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி கிளிப்பையும் வளையத்தையும் வெட்டி எடுத்து வைங்க. புதுக் கிளிப்பு எங்க ஊர்ல தனியாக் கிடைக்குறது கஷ்டம். நானே பழசுலருந்து எடுத்து ஒரு டப்பா நிறையச் சேத்து வச்சிருக்கேன்.